இடைவெளி யார் கையில்? அச்சுத் தமிழும் நம் வாசகரும்



அயோத்திதாசப் பண்டிதரின் நினைவாகக் கூடும்போது வழக்கமாக நாம் பௌத்தம் பற்றிப் பேசுவோம், பூர்வத் தமிழர் பற்றிப் பேசுவோம், சாதியொழிப்பின் இன்றைய நிலை பற்றிப் பேசுவோம். இந்த ஆண்டு நாங்கள் எடுத்துக்கொண்டிருப்பது பார்வைக்குச் சிறிய விஷயம். அச்சில் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே விடுகிற வெற்றிடம். ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே இருக்கிற நெருக்கம். டிடிபி வேலை செய்பவர் பார்த்துக்கொள்ள வேண்டியதை ஒரு நினைவுச் சொற்பொழிவில் பேசவேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். இரண்டு அனுபவங்கள் எங்கள் நினைப்பை மாற்றின. இரண்டிலும் தவறு எங்களுடையது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறோம்.

முதலாவது, மேலூர்ப் பக்கம் பஞ்சமி நில மீட்புக்காக நாங்கள் அச்சடித்த துண்டறிக்கை. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர் கொடுத்த அறிக்கை, 1892இல் வந்த அரசாணை, இன்று யாரிடம் மனுக் கொடுப்பது, எந்த ஆவணத்தைக் கேட்டு வாங்குவது என்று எல்லாம் எழுதியிருந்தோம். எட்டுப் பக்கத்துக்கான விஷயம். கையில் இருந்தது நான்கு பக்கத்துக்கான பணம். பக்கம் அமைத்தவரிடம், "எப்படியாவது நாலு பக்கத்துக்குள் அடக்கிக் கொடுங்கள்" என்றோம். அவர் எழுத்து அளவைக் குறைத்தார்; எழுத்துகளை நெருக்கினார்; சொல் இடைவெளியைப் பாதியாக்கினார். அடங்கிவிட்டது. நாங்களும் மகிழ்ந்தோம்.

ஊரில் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்ற ஓர் அம்மா அதை வாங்கி விரல் வைத்து வாசிக்கத் தொடங்கினார். மூன்றாவது வரியில் விரல் நின்றது. "என்ன தம்பி, எழுத்தெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு அப்பிக் கெடக்கு? எங்க நிறுத்தி மூச்சு விடுறதுன்னே தெரியல. நீங்களே வாசிச்சுச் சொல்லிருங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்னொருவர் வாசித்துச் சொல்லிக் கேட்கும் நிலை வேண்டாம் என்றுதான் அவர் ஐம்பது வயதில் சிலேட்டு பிடித்திருந்தார். பத்திர எழுத்தரிடமும் கிராம அலுவலரிடமும் நின்றது போலவே அவரை எங்கள் முன்னாலும் நிற்க வைத்துவிட்டோம்.

இரண்டாவதைப் பின்னால் சொல்கிறோம். அதற்கு முன் இந்த இடைவெளி தமிழ் எழுத்துக்குள் எப்படி வந்தது என்று பார்ப்போம்.

ஓலையிலிருந்து அச்சுக்கு

ஓலைச்சுவடியில் சொல் இடைவெளி கிடையாது. வரி தொடங்கினால் ஓலையின் மறு ஓரம் வரை எழுத்துகள் விடாமல் ஓடும். மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் தெரியாது. ரகரமும் காலும் ஒன்றுபோல நிற்கும். ஓலை கிழியாமல் எழுத வேண்டியிருந்ததும், பாட்டு ஏற்கெனவே மனப்பாடத்தில் இருந்ததும் இதற்குக் காரணங்கள். இதில் யாருடைய சதியும் இல்லை. ஆனால் விளைவு ஒன்று உண்டு. எங்கே பிரிப்பது என்று தெரிந்தால்தான் வாசிக்க முடியும்; அதைச் சொல்லித்தர ஓர் ஆசிரியர் வேண்டும்; அந்த ஆசிரியரின் திண்ணையில் உட்கார இடம் வேண்டும். அந்தத் திண்ணையில் யாருக்கு இடம் இருந்தது, யாருக்கு இல்லை என்பதை இந்த அவைக்கு விளக்கத் தேவையில்லை.

ஆனாலும் ஓலைகள் மடங்களிலும் மிராசுதார் வீடுகளிலும் மட்டுமே இருந்தன என்று நினைத்துவிடக் கூடாது. மருத்துவமும் சோதிடமும் அற இலக்கியமும் நம் மக்கள் வீடுகளிலும் இருந்தன. ஜார்ஜ் ஹாரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த தம் பாட்டனார் கந்தப்பன், தம்மிடமிருந்த திருக்குறள், நாலடி நானூறு ஏடுகளை எல்லிஸ் துரைக்குக் கிடைக்கச் செய்தார் என்று பண்டிதர் எழுதியிருக்கிறார். திருக்குறள் முதன்முதலாக அச்சேறியது 1812இல். பண்டிதர் அந்த நூலைத் 'திரிக்குறள்' என்று வாசித்தார். பௌத்தத் திரிபிடகத்தோடு இணைத்துப் பொருள் சொன்னார். அவருடைய முடிவுகளோடு உடன்படலாம், மறுக்கலாம். ஒரு சொல்லை எங்கே முறிக்கிறோம், எப்படி ஒலிக்கிறோம் என்பதில் ஒரு வரலாறே தங்கியிருக்கிறது என்பதை அவர் தம் எழுத்து முறையாகவே வைத்திருந்தார். சொல் பிரிப்பு அவருக்கு இலக்கண விளையாட்டாக இருக்கவில்லை.

1835இல் அச்சகச் சட்டம் தளர்ந்து இந்தியர்களும் அச்சகம் வைக்கலாம் என்றானது. அதன் பிறகு வந்த தமிழ்ப் புத்தகங்கள் பலவற்றில் தாளும் மையும் புதியவை. வாசிக்கும் பழக்கம் ஓலைக்காலத்தது. சந்தி சேர்த்து, இரண்டு மூன்று சொற்களை ஒரே சரமாகக் கோர்த்து, ஒரு வரிக்கு ஒன்றிரண்டு இடைவெளி மட்டும் விட்டு அச்சிடுவது புலமைக்கு அடையாளமாகவே கருதப்பட்டது.

ஈயத்தில் செய்த வெற்றிடம்

அச்சுக்கோர்க்கும் காலத்தில் இடைவெளி என்பது கைக்குத் தட்டுப்படும் பொருள். எழுத்தைவிட உயரம் குறைந்த ஈயத்துண்டு. மை அதன்மேல் படாது. அதனால் தாளில் வெள்ளையாகத் தெரியும். தடித்தது, மெல்லியது, எம் குவாட், என் குவாட் என்று பல அளவுகளில் கேஸில் கிடக்கும். கம்போசிட்டர் ஸ்டிக்கைக் கையில் பிடித்து எழுத்துகளை அடுக்குவார். வரி நிறையவில்லை என்றால் சொற்களுக்கு நடுவே மெல்லிய துண்டுகளைச் செருகி நிறைப்பார். மிஞ்சினால் தடித்ததை எடுத்துவிட்டு மெல்லியதை வைப்பார். எழுத்துக்கும் எழுத்துக்கும் உள்ள நெருக்கம் எழுத்து வார்த்தவர் முடிவு செய்தது. சொல்லுக்கும் சொல்லுக்கும் உள்ள இடைவெளி கோர்ப்பவர் முடிவு செய்தது. எழுத்து மட்டும் வாங்கினால் போதாது, இடைவெளியையும் விலை கொடுத்து வாங்க வேண்டும்.

பணமில்லாதவர் பத்திரிகை நடத்துவது எவ்வளவு கடினம் என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். அப்படியும் நம் முன்னோர் நடத்தினார்கள். 1869இல் தொடங்கி 1943 வரை வந்த தலித் இதழ்களைத் தேடித் தொகுத்து, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் ஜெ. பாலசுப்பிரமணியம் 'சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை' என்ற நூலை எழுதியிருக்கிறார். மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். சூரியோதயம், பஞ்சமன், திராவிடப் பாண்டியன், பூலோகவியாசன் என்று நீளும் அந்த வரிசையில் இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய 'பறையன்' நான்கு பக்க இதழ். 1907 ஜூன் 19, புதன்கிழமை, இராயப்பேட்டையிலிருந்து வெளிவந்த 'ஒரு பைசாத் தமிழன்' இதழும் நான்கு பக்கம்தான். ஓராண்டுக்குப் பின் அது 'தமிழன்' ஆனது. இருவருக்கும் நான்கு பக்கத்துக்குத்தான் வசதி இருந்தது. அந்த நான்கு பக்கத்தை எழுத்துத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிக்க, பலர் கூடிக் கேட்டார்கள். அன்றைய நம் வாசகர் பெரும்பாலும் காதால் வாசித்தவர். வாசிப்பவரின் குரல்தான் சொல்லுக்குச் சொல் இடைவெளியைக் கொடுத்தது.

மதுரையின் இரண்டு அச்சுகள்

மதுரைக்கு வருவோம். 1901இல் பாண்டித்துரைத் தேவர் இங்கே நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். 1902இல் 'செந்தமிழ்' இதழ் தொடங்கியது. சங்கத்துக்கு என்று ஒரு முத்திராசாலையும் இருந்தது. ஏடுகள் புத்தகமாயின. அந்தப் பணியின் அருமையை நாங்கள் மறுக்கவில்லை. அந்தப் பக்கங்கள் யாருக்காகக் கோர்க்கப்பட்டன என்று பாருங்கள்: நன்னூல் கற்றவருக்காக.

அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில், மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே புதுமண்டபத்தில் வேறொரு அச்சு இருந்தது. தையல் மெஷின்களுக்கும் பாத்திரக் கடைகளுக்கும் நடுவே இருந்த புத்தகக் கடைகளில் பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள் விற்றன. மதுரைவீரன் கதை, நல்லதங்காள் கதை என்று திருவிழாவுக்கு வந்த கிராமத்தார் வாங்கிப் போனார்கள். எழுத்தின் அளவையே புத்தகத்தின் பெயராக வைத்த வியாபாரி, தன் வாசகர் யார் என்று தெரிந்து வைத்திருந்தார். புதிதாக வாசிக்க வந்தவருக்குப் பெரிய எழுத்து வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. எந்தச் சங்கமும் அதை ஆராய்ந்து சொல்லவில்லை.

புலவர் பக்கத்திலிருந்தும் ஒரு மாற்றம் வந்தது. மர்ரே எஸ். ராஜம் 1950களில் பழந்தமிழ் நூல்களைச் சந்தி பிரித்து, சொல் சொல்லாக இடைவெளி விட்டு, குறைந்த விலையில் வெளியிட்டார். உரையாசிரியர் துணையில்லாமல் ஒருவர் சங்கப்பாட்டுக்குள் நுழைய முடியும் என்ற நிலை அந்த இடைவெளிகளால் வந்தது. எழுத்து வடிவத்திலும் இதே காலப்போக்கைப் பார்க்கலாம். பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தின் பெரும்பகுதியை 1978இல் அரசு ஏற்றது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான பதின்மூன்று எழுத்துகளின் பழைய தனி வடிவங்கள் போயின. கற்பவருக்கும் சுமை குறைந்தது, கோர்ப்பவருக்கும் குறைந்தது.

1992இல் பாமாவின் 'கருக்கு' மதுரையில்தான் வெளிவந்தது. சமுதாய சிந்தனை செயல் ஆய்வு மையம் வெளியிட்டது. நம் வீடுகளின் பேச்சு அச்சில் ஏறிய பிறகு ஒரு புதிய கேள்வி வந்தது. 'போய்க்கிட்டு இருந்தோம்' என்று இடம் விட்டு எழுதுவதா, 'போயிக்கிட்டுருந்தோம்' என்று சேர்த்து எழுதுவதா? எந்த இலக்கண நூலிலும் இதற்கு விடை இல்லை. நம் பேச்சை எங்கே முறிப்பது என்பதை இப்போது எழுதுகிற நாமும் பக்கம் அமைப்பவரும் சேர்ந்து முடிவு செய்கிறோம்.

கணினி கொண்டுவந்ததும் கெடுத்ததும்

1990களில் மதுரையின் சிறு அச்சகங்களில் ஈயம் போய்ப் பேஜ்மேக்கர் வந்தது. அதுவரை எழுத்து வார்ப்பவரிடமும் கம்போசிட்டரிடமும் இருந்த இரண்டு வேலைகளும் ஒரே நாற்காலிக்கு வந்துவிட்டன. அதைச் செய்யும் முறையைக் கொஞ்சம் விளக்குகிறோம். நம்மில் பலர் இன்று செல்போனிலேயே துண்டறிக்கை வடிவமைக்கிறோம் என்பதால் இது எல்லாருக்கும் வேண்டியது.

எழுத்துகளுக்கு நடுவே உள்ள நெருக்கத்தைச் சோடி சோடியாகச் சரிசெய்வது கெர்னிங். ட என்ற எழுத்தைப் பாருங்கள். கீழே கோடு, இடப்பக்கம் கோடு; வலப்பக்கம் மேலே திறந்த வெளி. அதனால் 'பட்டா' என்று அடித்தால், எழுத்துகளுக்கு நடுவே விட்ட தூரம் ஒன்றாகவே இருந்தாலும் ட் இருக்கும் இடத்தில் ஓட்டை விழுந்தது போலக் கண்ணுக்குத் தெரியும். நல்ல எழுத்துருவில் இதற்கான கணக்கு உள்ளேயே இருக்கும். இல்லாத எழுத்துருவில் நாம் கையால் சரிசெய்ய வேண்டும். இப்படிச் சோடி பார்க்காமல் வரி முழுவதையும் ஒரேயடியாக நெருக்குவதோ விரிப்பதோ டிராக்கிங். எங்கள் துண்டறிக்கைக்கு நடந்தது இதுதான்.

சொல் இடைவெளி தனி. இருபக்கமும் வரி சமமாக முடிய வேண்டும் என்று நாம் கேட்டால், மென்பொருள் சொல் இடைவெளியை நீட்டியும் குறுக்கியும் வரியை நிறைக்கும. இன்டிசைனில் நாம் எதையும் மாற்றாவிட்டால், இயல்பான இடைவெளியில் 80 விழுக்காடு வரை குறுக்கலாம், 133 விழுக்காடு வரை நீட்டலாம் என்று வைத்திருப்பார்கள். அது சிறிய சொற்கள் நிறைந்த ஆங்கிலத்துக்கு ஒத்துவரும். தமிழில் விகுதியும் வேற்றுமையும் துணைவினையும் ஒட்டிச் சொல் நீள்கிறது. 'நிறைவேற்றப்படவில்லையென்பதை' என்ற சொல் குறுகிய பத்தியில் ஒரு வரியையே அடைத்துக்கொள்ளும். அடுத்த வரியில் இரண்டே சொற்கள் மிஞ்சி, நடுவே வண்டி போகும் அளவுக்கு வெற்றிடம் விழும். அதை மறைக்க எழுத்துகளையும் விரிக்கிறோம். அப்போது சொல்லுக்குள் இருக்கும் இடைவெளியும் சொல்லுக்கு வெளியே இருக்கும் இடைவெளியும் ஒன்றுபோல ஆகிவிடும்.

இங்கேதான் எங்கள் இரண்டாவது அனுபவம். 1990களில் எங்கள் தோழர்கள் தயாரித்த ஓர் உண்மையறியும் அறிக்கை. பொதுக் குழாயில் தண்ணீர் குடிக்கப் போன பெண்கள் தாக்கப்பட்டது பற்றியது. மூலக் கோப்பு பழைய எழுத்துருவில் இருந்தது; அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத்தான் தெரியும். அதனால் அச்சுப் பிரதியை ஸ்கேன் செய்து, எழுத்துணரி வழியாக யூனிகோடாக மாற்றி இணையத்தில் வைத்தோம். சில மாதம் கழித்து ஒரு மாணவர் அழைத்து, "அறிக்கையில் இப்படி எழுதியிருக்கிறீர்களே" என்று கேட்டார். 'அவர்கள் குடிக்கப் போன இடத்தில்' என்று இருந்த வரி, 'அவர் கள் குடிக்கப் போன இடத்தில்' என்று மாறியிருந்தது. மூல அச்சில் வரியை நிறைக்க எழுத்துகளை விரித்திருக்கிறார்கள். ர் என்ற எழுத்துக்குப் பின் விழுந்த இடத்தை எழுத்துணரி சொல் இடைவெளி என்று எடுத்துக்கொண்டது. தண்ணீர் கேட்டுப் போனவர்கள் கள் குடிக்கப் போனவர்கள் ஆகிவிட்டார்கள். தாக்கியவர்கள் தரப்பு அன்று சொன்ன பழியை நம் அறிக்கையே சொல்லிக்கொண்டு சில மாதம் இணையத்தில் கிடந்தது.

இது ஒரு விபத்து என்று விட்டுவிட முடியாது. 'காவல் நிலையத்தில் அடித்துவிட்டார்கள்' என்பதும் 'அடித்து விட்டார்கள்' என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதை, அடித்து அனுப்பிவிட்டார்கள் என்றும் வாசிக்கலாம். வழக்குக்குப் போகும் தாளில் இந்த இடைவெளிக்குப் பொருள் உண்டு.

ஊர்ப்பெயர்களும் அப்படித்தான். 1996 முதல் பத்தாண்டு காலம் உள்ளாட்சித் தேர்தலை முறையாக நடக்கவிடாமல் தடுத்து, 2006இல்தான் தேர்தல் நடந்த பாப்பாபட்டியைத் தேடிப் பாருங்கள். பாப்பாபட்டி, பாப்பாப்பட்டி, பாப்பா பட்டி என்று மூன்று விதமாக எழுதியிருக்கிறோம். ஒன்றைத் தேடினால் மற்றவை கிடைக்காமல் போகலாம். மேலவளவு என்றும் மேல வளவு என்றும் எழுதுகிறோம். 1997 ஜூன் 30இல் அங்கே சிந்திய இரத்தத்தைப் பற்றி நாமே எழுதியவை ஒன்றுக்கொன்று தெரியாமல் கிடக்கின்றன. மறக்கடிக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு நாமே வேலையை எளிதாக்கிக் கொடுக்கிறோம்.

இதற்கு மாறான நல்ல முன்மாதிரியும் நம் முன்னால் உண்டு. 1998 பொங்கலன்று, மதுரைச் சங்க மரபை நினைவுபடுத்தும் பெயரோடு மதுரைத் திட்டம் தொடங்கியது. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு இலவசமாக வைத்தார்கள். எழுத்து முறை இணைமதியிலிருந்து டிஸ்கிக்கும், பிறகு யூனிகோடுக்கும் மாறியபோது நூல்களையும் மாற்றிக்கொண்டே வந்தார்கள். நம் பக்கத்திலும், பண்டிதரின் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் வெளியிட்டதால்தான் 'தமிழன்' நம் கைக்கு மறுபடி வந்தது. ஆனால் 1990களில் தமிழ்நாடெங்கும் வந்த தலித் சிற்றிதழ்களும் துண்டறிக்கைகளும் பழைய எழுத்துருக் கோப்புகளாக, திறக்க முடியாத வட்டுகளில் கிடக்கின்றன. ஓலையைக் கரையான் தின்றது என்று வருந்துகிற நாம், முப்பது ஆண்டுக்கு முந்தைய நம் சொந்த எழுத்தை வாசிக்க முடியாமல் இருக்கிறோம்.

நாம் செய்யக்கூடியவை

எங்கள் மன்றம் சில முடிவுகளை எடுத்திருக்கிறது. மற்ற தோழர்களும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பக்கத்தை மிச்சப்படுத்த இடைவெளியில் கை வைப்பதில்லை. விஷயம் அதிகமானால் வாக்கியத்தை வெட்டுகிறோம். புதிதாக வாசிப்பவர்களுக்கான தாளில் வரியின் இடப்பக்கத்தை மட்டும் சமமாக வைத்து, வலப்பக்கத்தை அதன் போக்கில் விட்டுவிடுகிறோம். அப்போது எல்லாச் சொல் இடைவெளியும் ஒரே அளவாக இருக்கும். இருபக்கமும் சமமாக வேண்டும் என்கிற புத்தகங்களில் எழுத்துகளை விரிப்பதற்குச் சுழியம் என்று வைத்துவிட்டு, நீண்ட சொல்லை வரி ஓரத்தில் எழுத்தெல்லையில் உடைக்க விடுகிறோம். பெயரின் தலைப்பெழுத்து ஒரு வரியிலும் பெயர் அடுத்த வரியிலும் போய் விழாமல் இருக்க, நடுவே பிரியா இடைவெளி போடுகிறோம். ஊர்ப்பெயர், அமைப்புப் பெயர், துணைவினை ஆகியவற்றைச் சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். எதை அச்சடித்தாலும் அதன் யூனிகோடு உரையைத் தனியாகச் சேமிக்கிறோம். ஸ்கேன் செய்ததை மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிடாமல் வெளியிடுவதில்லை. அச்சுக்குப் போகுமுன், புதிதாக எழுத்துக் கற்ற ஒருவரை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்கிறோம். அவர் விரல் நிற்கிற இடத்தில் எங்கள் பிழை இருக்கும்.

இடைவெளி என்ற சொல் நம் மக்களுக்குப் புதியதில்லை. ஊருக்கும் சேரிக்கும் நடுவே விட்டது இடைவெளி. டீக்கடையில் தனி டம்ளர் வைத்தது இடைவெளி. உத்தபுரத்தில் அந்த இடைவெளியைச் சுவராகவே கட்டினார்கள். அதில் ஒரு பகுதியை உடைத்து வழிவிட 2008 வரை போராட வேண்டியிருந்தது. அந்த இடைவெளிகளை முடிவு செய்ததில் நமக்குப் பங்கில்லை. நாம் அச்சடிக்கும் தாளில் இருக்கும் இடைவெளி நம் கையில் இருக்கிறது. அதை யாருக்காக விடுகிறோம் என்பதற்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

அந்தத் துண்டறிக்கையை மறுபடி எட்டுப் பக்கமாக அச்சடித்தோம். கடன் வாங்கித்தான். அதே அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அன்று மாலை விரல் வைத்து மூன்றாம் பக்கம் வரை வாசித்தார். பிறகு எங்களை அழைத்து, "தம்பி, இந்தப் பக்கத்துல எங்க கம்மாய் பேரு தப்பா இருக்கு. சரியா எழுதுங்க" என்றார். அவர் சொன்னதுதான் சரி. அடுத்த பதிப்பில் திருத்திவிட்டோம்.

ஜெய்பீம்.